வாசலில் இடமில்லாத வீட்டுக்கு மின்சாரக் கார் ஏற்றதா?



திருவனந்தபுரம் ஆரியசாலையிலும், அதனை அடுத்த சாலைக் கடைவீதியின் சந்துகளிலும் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களின் வீடுகளை ஒரு கணம் மனக்கண்முன் நிறுத்திப் பாருங்கள். முன்புறம் கடை, பின்புறம் குடியிருப்பு. அல்லது கீழே சரக்கு, மேலே இரண்டு சிறு அறைகள். கார் வைத்திருப்பவர்களும் அதனை இரவில் வேறெங்கோ தெருவோரத்தில் நிறுத்திவிட்டு நடந்தே வீடு திரும்புகிறார்கள். பெரும்பாலானோர் வாடகைக்குக் குடியிருப்பவர்கள். இத்தகைய குடும்பங்களிலிருந்தே இப்பொழுது ஒரு கேள்வி அடிக்கடி எழுகின்றது: "பெட்ரோல் விலை தாங்க முடியவில்லை, கடன் வாங்கியாவது மின்சாரக் கார் எடுக்கலாமா?"

இக்கேள்விக்கு வாகன விற்பனையாளர் தரும் பதில் ஒன்றே: "ஊரெங்கும் சார்ஜிங் நிலையங்கள் வந்துவிட்டன, கவலை வேண்டாம்." நிலையங்கள் வந்திருப்பது மெய்தான். 2024 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் அளிக்கப்பட்ட கணக்கின்படி இந்தியாவில் 25,202 பொதுச் சார்ஜிங் நிலையங்கள் இருந்தன. அவற்றுள் தமிழ்நாட்டில் 1,413, கேரளத்தில் 1,212. ஆனால் இவ்வெண்ணிக்கை நம் கேள்விக்குப் பதிலாகாது. சொந்த வீடும் வாசலும் உள்ளவர் இரவில் வீட்டிலேயே சார்ஜ் செய்துகொள்கிறார். அவருக்குப் பொது நிலையம் என்பது ஆண்டில் சில முறை வரும் வழித்துணை. வாசல் இல்லாதவருக்கோ அதுவே அன்றாட அடுப்பு. ஆகவே எந்த நிறுவனத்தின் நிலையம் நல்லது என்று ஒப்பிட்டுப் பார்ப்பது, கார் வாங்கிய பின் செய்ய வேண்டிய வேலையன்று. வாங்குவதற்கு முன்னரே முடிக்க வேண்டிய வேலை. கோபுரம் கட்டுமுன் உட்கார்ந்து செலவைக் கணக்கிட்ட மனிதனின் உவமையை நாம் அனைவரும் அறிவோம்.

நம் முன் உள்ள நிலையங்கள்

முதலாவது, கேரள மாநில மின்சார வாரியத்தின் நிலையங்கள். 2020 நவம்பரில் வாரியம் தன் முதல் ஆறு கார் சார்ஜிங் நிலையங்களைத் திறந்தது. அவை திருவனந்தபுரத்தில் நேமம், கொல்லத்தில் ஓலை, கொச்சியில் பாலாரிவட்டம், திருச்சூரில் விய்யூர், கோழிக்கோட்டில் நல்லளம், கண்ணூரில் சொவ்வா ஆகிய இடங்களில் அமைந்தன. நேமம் நமக்கு அருகிலேயே, கரமனையைக் கடந்து நாகர்கோவிலுக்குச் செல்லும் சாலையில் உள்ளது. பின்னர் இத்தகைய நிலையங்கள் மாநிலமெங்கும் 60-க்கு மேல் பெருகின. இவற்றோடு, தெருவோர மின்கம்பத்திலேயே பொருத்தப்பட்ட சிறு சார்ஜிங் பெட்டிகள் 1,100-க்கும் மேற்பட்டவை நிறுவப்பட்டன. 2021-இல் கோழிக்கோட்டில் மின்சார ஆட்டோக்களுக்காகத் தொடங்கிய முயற்சி இது. கோழிக்கோட்டு நிறுவனமான சார்ஜ்மோட் உருவாக்கிய செயலி மூலம் இப்பெட்டிகள் இயங்குகின்றன.

இரண்டாவது, பெட்ரோல் நிலையங்களில் உள்ளவை. இந்தியன் ஆயில், பாரத் பெட்ரோலியம், இந்துஸ்தான் பெட்ரோலியம் ஆகிய மூன்று நிறுவனங்களும் தங்கள் பெட்ரோல் நிலையங்களில் 7,432 வேகச் சார்ஜிங் நிலையங்களை அமைக்க 2023 மார்ச்சில் மத்திய அரசு 800 கோடி ரூபாய் ஒதுக்கியது.

மூன்றாவது, தனியார் நிறுவனங்கள். நாடு முழுவதும் பரந்துள்ள டாடா பவர், கோயம்புத்தூரைச் சேர்ந்த சியான், ரிலையன்ஸும் பி.பி. நிறுவனமும் சேர்ந்து நடத்தும் ஜியோ-பிபி போன்றவை இவ்வகையின. உணவகம், தங்கும் விடுதி, வணிக வளாகம் ஆகியவற்றின் முற்றங்களில் இவற்றைக் காணலாம். கார் விற்பனை நிலையங்களின் வளாகத்திலும் சில உண்டு.

வேகம் யாருக்கு?

இவற்றை ஒப்பிடும்போது முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது மின்சாரத்தின் இரு வகை. வீட்டிலும் மின்கம்பத்திலும் வருவது மாறுதிசை மின்சாரம், அதாவது ஏ.சி. பேட்டரி ஏற்பதோ நேர்திசை மின்சாரம், அதாவது டி.சி. மின்கம்பப் பெட்டியில் சார்ஜ் செய்யும்போது, ஏ.சி.யை டி.சி.யாக மாற்றும் வேலையைக் காருக்குள் இருக்கும் சிறு கருவி செய்கின்றது. ஆகையால் நேரம் அதிகம். வேகச் சார்ஜிங் நிலையத்தில் அந்த வேலையை வெளியே நிற்கும் பெரிய இயந்திரமே செய்து, நேராகப் பேட்டரிக்குள் செலுத்துகின்றது.

மின்கம்பப் பெட்டியின் திறன் 3.3 கிலோவாட். 24 யூனிட் கொள்ளளவுள்ள சிறு காரை முற்றிலும் நிரப்ப ஏறத்தாழ எட்டு மணி நேரம் ஆகும். வேக நிலையத்திலோ அதே கார் ஒரு மணி நேரத்தில் எண்பது சதவீதத்தை எட்டிவிடும். எண்பதுக்கு மேல் பேட்டரியைக் காக்கும்பொருட்டு வேகம் தானாகவே குறைக்கப்படுகின்றது. எஞ்சிய இருபது சதவீதத்துக்காக நின்றுகொண்டிருப்பது காலவிரயம். பின்னால் காத்திருப்பவருக்கும் இடையூறு.

இங்கே ஒரு பொதுவான மயக்கத்தைச் சுட்டிக்காட்ட விரும்புகிறேன். "60 கிலோவாட்", "120 கிலோவாட்" என்று பலகையில் எழுதியிருப்பதைக் கண்டு, பெரிய எண்ணுள்ள நிலையமே சிறந்தது என்று நம்மவர் எண்ணுகிறார்கள். எவ்வளவு வேகமாக ஏற்பது என்பதைக் கார்தான் தீர்மானிக்கின்றது. சிறு கார்கள் பல 30 கிலோவாட்டுக்கு மேல் ஏற்பதில்லை. பெரிய குழாயின் கீழே சிறு வாயுள்ள குடத்தை வைத்தால், குடம் அதன் வாயளவுக்கே நிறையும். இரு கார்கள் ஒரே இயந்திரத்தில் இணைந்தால் 60 கிலோவாட் இரண்டாகப் பிரிவதும் உண்டு. எம்.ஜி. காமெட் போன்ற சில கார்களுக்கு டி.சி. வசதியே இல்லை, அவற்றுக்கு வேக நிலையங்களால் பயனில்லை.

இணைப்பு முனையையும் கவனியுங்கள். இதனை "கன்" என்று அழைக்கிறார்கள். இன்றைய கார்களின் வேகச் சார்ஜிங்குக்கு "சி.சி.எஸ்.-2" என்ற முனையே வழக்கம். முற்காலத்தில் வந்த சில மின்சாரக் கார்கள் "ஜி.பி.டி." என்னும் வேறு முனையை உடையவை, அவற்றைப் பழைய காராக மலிவு விலையில் வாங்குவோர், தங்கள் வழியில் அம்முனை எங்கெங்கு உள்ளது என்று பார்த்தே வாங்க வேண்டும்.

உண்மையான விலை எவ்வளவு?

யூனிட்டின் விலையை மட்டும் கேட்டுக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். பொது நிலையத்தில் பெறும் சார்ஜிங்குக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு, செயலியில் தெரியும் விலை வரியைச் சேர்த்ததா, சேர்க்காததா என்று பாருங்கள். சார்ஜ் முடிந்த பின்னும் காரை எடுக்காதிருந்தால் சில நிறுவனங்கள் தாமதக் கட்டணம் வாங்குகின்றன. சில செயலிகளில் முன்கூட்டியே பணம் செலுத்தி வைக்க வேண்டும். நான்கு செயலிகளில் ஐந்நூறு ஐந்நூறாகப் போட்டு வைத்தால், இரண்டாயிரம் ரூபாய் வட்டியில்லாமல் முடங்கிக் கிடக்கின்றது. நாட்டின் நிலையங்கள் யாவற்றையும் ஒரே செயலியில் இணைக்கும் பொறுப்பு 2025-இல் பெல் நிறுவனத்துக்கு அளிக்கப்பட்டது நல்ல செய்தியே.

நேரத்துக்கும் விலை உண்டு. மத்திய அரசு 2024 செப்டம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல்களின்படி, காலை 9 மணி முதல் மாலை 4 மணி வரை, அதாவது சூரிய மின்சாரம் மிகுந்திருக்கும் வேளையில், சார்ஜிங் நிலையங்களுக்கு மின்சாரம் சராசரிச் செலவின் 0.7 மடங்கிலும், மற்ற நேரத்தில் 1.3 மடங்கிலும் வழங்கப்பட வேண்டும். கேரளத்திலும் பகல் வேளைக்குக் குறைந்த கட்டணமும் மாலைக்கும் இரவுக்கும் கூடிய கட்டணமும் நடைமுறைக்கு வந்துள்ளன. பகலில் கடையில் நிற்பவரின் கார் பகலில் சும்மாதான் நிற்கின்றது. அதனைப் பகலிலேயே சார்ஜில் போட வழியிருந்தால், அவர் இரவு விலை கொடுக்க வேண்டியதில்லை.

இனி ஒரு கணக்கைப் பார்ப்போம். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடும் ஒரு சிறு கார், யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் தருவதாகக் கொள்வோம். பேட்டரிக்குத் தேவை ஏறத்தாழ 143 யூனிட். வீட்டில் ஏ.சி.யில் ஏற்றும்போது மாற்றத்தில் ஏற்படும் இழப்பையும் நாமே சுமப்பதால், மீட்டரில் சுமார் 155 யூனிட் ஓடும். யூனிட் 8 ரூபாய் என்றால் 1,240 ரூபாய். அதனையே வேக நிலையத்தில் வரி உட்பட 22 ரூபாய்க்கு வாங்கினால் ஏறத்தாழ 3,150 ரூபாய். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் பெட்ரோல் காருக்கு, லிட்டர் 105 ரூபாய் வீதம் 7,000 ரூபாய்.

ஆகவே பொது நிலையத்தையே முழுவதும் நம்பினாலும் மாதம் சுமார் 3,850 ரூபாய் மிச்சம். வீட்டு இணைப்பு இருந்தால் 5,760 ரூபாய். விற்பனையாளர் காட்டும் கணக்கு பெரும்பாலும் இந்த இரண்டாவது தொகையே. அந்தத் தொகையை நம்பி மாதத் தவணையை நிர்ணயித்துக்கொண்ட வாடகை வீட்டுக்காரர், ஒவ்வொரு மாதமும் ஏறக்குறைய இரண்டாயிரம் ரூபாய் குறைவதைக் காண்பார். அது ஒரு பிள்ளையின் டியூஷன் கட்டணம். இதோடு, வேக நிலையத்தில் மாதம் ஏழு எட்டு மணி நேரம் காத்திருக்க வேண்டியதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வாடகைக் கார் ஓட்டும் சகோதரருக்கு அந்நேரம் சவாரி இழப்பு.

ஊருக்குப் போகும் இரவு

நகருக்குள் ஓடுவது ஒருபுறமிருக்க, ஊருக்குப் போகும் பயணத்தில்தான் நிலையங்களின் தரம் வெளிப்படுகின்றது. ஆரியசாலையிலிருந்து திருநெல்வேலி ஏறத்தாழ 150 கிலோமீட்டர். நேமம், பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, பாறசாலை, களியக்காவிளை, மார்த்தாண்டம், தக்கலை வழியாக நாகர்கோவில் வரை சுமார் 70. அதற்கப்பால் ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்து 80. நெடுஞ்சாலை வேகத்தில் யூனிட்டுக்கு 6 கிலோமீட்டர் என்று கொண்டால் 25 யூனிட் தேவை. 24 யூனிட் கார் நிரம்பிய பேட்டரியோடு புறப்பட்டாலும் இடையில் ஒருமுறை நின்றே ஆக வேண்டும்.

திரும்பி வரும்போது வேறொரு காரியமும் உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து பலத்த காற்று வீசுகின்றது. முப்பந்தலில் நூற்றுக்கணக்கான காற்றாலைகள் நிற்பதன் காரணம் அதுவே. போகும்போது முதுகில் தள்ளிய காற்று வரும்போது முகத்தில் மோதும். அதே தூரத்துக்குக் கூடுதல் யூனிட் செலவாகும். ஆகையால் போகும் கணக்கை வைத்து வரும் கணக்கைப் போடாதீர்கள்.

2022 ஜனவரியில் மத்திய மின்துறை வெளியிட்ட வழிகாட்டுதல்களில், நெடுஞ்சாலைகளின் இரு புறமும் 25 கிலோமீட்டருக்கு ஒரு நிலையமும், நகரங்களில் 3 கிலோமீட்டருக்கு 3 கிலோமீட்டர் சதுரத்தில் ஒரு நிலையமும் இருக்க வேண்டும் எனக் கூறப்பட்டது. நல்ல நோக்கம். ஆனால் வரைபடத்தில் புள்ளி இருப்பது வேறு. அப்புள்ளியில் அன்றிரவு மின்சாரம் கிடைப்பது வேறு. இயந்திரம் பழுதாகியிருக்கலாம், அப்பகுதியில் மின்தடை ஏற்பட்டிருக்கலாம், கைப்பேசிக்குச் சிக்னல் கிடைக்காமல் செயலி திறக்காதிருக்கலாம், விற்பனை நிலைய வளாகத்தின் கதவு இரவில் பூட்டப்பட்டிருக்கலாம்.

மேலும் நம் மக்கள் ஒரே நாளில் ஊருக்குப் புறப்படுகிறவர்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாளும், டிசம்பர் 31-ஆம் தேதி ஆண்டிறுதி ஆராதனைக்கு முன்னரும் இச்சாலையில் எத்தனை வண்டிகள் என்பதை அறிவீர்கள். பெட்ரோல் நிலையத்தில் ஒரு வண்டிக்கு ஐந்து நிமிடம். சார்ஜிங் நிலையத்தில் முக்கால் மணி நேரம். முன்னால் இரண்டு கார்கள் நின்றால், ஒரே கன் உள்ள இடத்தில் ஒன்றரை மணி நேரம் போயிற்று. காரில் கைக்குழந்தையும் வயதான தாயாரும் இருக்கிறார்கள். சாதாரணச் செவ்வாய்க்கிழமை மதியம் எந்த நிலையமும் நல்ல நிலையமே. இத்தகைய இரவில் தாங்குவதே நம்பத்தக்கது.

எவ்வாறு ஒப்பிடுவது?

ஆகவே, "எந்த நிறுவனம் சிறந்தது?" என்று கேட்பதைக் காட்டிலும், "என் வீட்டருகிலும் என் வழியிலும் எது நம்பத்தக்கது?" என்று கேளுங்கள். மின்வாரிய நிலையங்களுக்கு அரசின் கட்டண ஒழுங்கு உண்டு. ஆனால் அவை பெரும்பாலும் வாரியத்துக்குச் சொந்தமான வளாகங்களில் இருப்பதால், குடும்பத்தோடு ஒரு மணி நேரம் உட்கார இடமும் கழிப்பறையும் உண்டா என்று பார்க்க வேண்டும். பெட்ரோல் நிலையங்களில் வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் கழிப்பறையும் உண்டு. ஆனால் பெட்ரோல் போடும் ஊழியருக்குச் சார்ஜிங் இயந்திரத்தைப் பற்றித் தெரிந்திருக்கும் என்று எண்ண முடியாது. உணவக முற்றத்துத் தனியார் நிலையங்கள் குடும்பப் பயணத்துக்கு வசதியானவை. விலை இடத்துக்கு இடம் மாறும்.

கார் வாங்குமுன் இவற்றைச் செய்யுங்கள். இரு வார காலம், உங்கள் வீட்டிலிருந்து நடந்து சென்று திரும்பக்கூடிய தூரத்திலுள்ள நிலையங்களை, நீங்கள் வழக்கமாகச் சார்ஜ் செய்யப்போகும் அதே வேளையில் சென்று பாருங்கள். எத்தனை நாள் இயந்திரம் இயங்கியது, எத்தனை நாள் வேறு வண்டி அங்கே நின்றது என்று குறித்துக்கொள்ளுங்கள். அங்கே சார்ஜ் செய்யும் ஆட்டோ ஓட்டுநரைக் கேளுங்கள். எந்த விளம்பரமும் சொல்லாததை அவர் சொல்லுவார். ஊர்ப் பயணத்துக்கு, நிற்க எண்ணும் நிலையத்திலிருந்து 20 கிலோமீட்டருக்குள் வேறொரு நிறுவனத்தின் நிலையம் இருக்கிறதா என்று பாருங்கள். முதலாவது இயங்காவிட்டால் இரண்டாவதை எட்டுமளவு சார்ஜ் எப்பொழுதும் மீதியிருக்கட்டும். ஒரே இடத்தில் இரண்டு கன்களாவது உள்ள நிலையத்துக்கே முதலிடம் கொடுங்கள்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் காருக்கென இடமுள்ளவர்கள் இன்னொன்றை அறிந்திருக்க வேண்டும். 2024 பிப்ரவரியில் திருத்தப்பட்ட மின் நுகர்வோர் உரிமை விதிகளின்படி, மின்வாகனம் சார்ஜ் செய்யத் தனி மின் இணைப்பு கேட்டுப் பெறலாம். வாடகைக்கு இருப்பவர், கார் வாங்கும் எண்ணம் உண்டானவுடனே வீட்டு உரிமையாளரிடம் இது பற்றிப் பேசி ஒப்புதல் பெற்றுக்கொள்வது நலம். எக்காரணத்தைக் கொண்டும் மாடி ஜன்னலிலிருந்து தெருவுக்கு ஒயர் இழுத்துச் சார்ஜ் செய்யாதீர்கள். பல மணி நேரம் தொடர்ந்து ஓடும் மின்னோட்டத்தைச் சாதாரண 5 ஆம்பியர் பிளக் தாங்காது. 16 ஆம்பியர் பிளக்கும், சரியான எர்த் இணைப்பும், மின்கசிவைத் துண்டிக்கும் பிரேக்கரும் அவசியம். நெருக்கமான சந்தில் ஒரு பொறி பல வீடுகளைப் பாதிக்கும்.

இருசக்கர வண்டி வாங்குவோருக்கும் ஒரு வார்த்தை. பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் எடுத்துச் சென்று சார்ஜ் செய்யும் வகை ஸ்கூட்டர்கள் மாடி வீட்டாருக்கு உகந்தவை. வேகச் சார்ஜிங்கைப் பொறுத்தவரை ஒரு நிறுவனத்தின் முனை மற்றொன்றுக்குப் பொருந்தாத நிலை நெடுநாள் இருந்தது. ஏதர் நிறுவனம் உருவாக்கிய முனையை 2023-இல் இந்தியத் தர நிர்ணய அமைப்பு நாட்டுக்குரிய தரமாக ஏற்றுக்கொண்டது. உங்கள் ஸ்கூட்டர் அம்முனையை உடையதா என்று கேட்டு வாங்குங்கள்.

முடிவாக, முதலில் எழுந்த கேள்விக்கு என் பதில் இதுவே. சார்ஜ் செய்ய நிலையான ஓரிடம், அது வீடானாலும் கடையானாலும் வேலை செய்யும் இடமானாலும், உங்களுக்கு இருந்தால் மின்சாரக் கார் குடும்பத்துக்கு நன்மையே. அத்தகைய இடம் இல்லையானால், நடக்கும் தூரத்தில் வெவ்வேறு நிறுவனங்களின் இரண்டு நிலையங்கள் நம்பத்தக்கவையாய் இருந்து, மாதம் 3,850 ரூபாய் மிச்சம் என்ற குறைந்த கணக்கிலும் தவணை கட்ட முடிந்தால் வாங்குங்கள். இரண்டில் ஒன்று குறைவுபட்டாலும் இன்னும் ஓராண்டு பொறுத்திருங்கள். நிலையங்கள் பெருகிக்கொண்டே வருகின்றன. பொறுத்தவருக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. அவசரப்பட்டு எடுத்த கடனோ ஐந்தாறு ஆண்டு வீட்டில் குடியிருக்கும்.

உங்கள் பிரயாணங்கள் யாவும் சமாதானமாய் அமைவதாக. அடுத்த இதழில் சந்திப்போம்.